காஸிமிர் பஸ் பிடித்து வந்தார்

டெட்ராய்ட்
நவம்பர் 9

அன்பு மகன் டெஸ்மண்டுக்கு அம்மா எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, பெர்த்தில் நீயும் இமோஜினும் சுகமாக இருப்பீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். ஏழாம் மாதம் ஆகிறதே, அவளைக் கனமான எதையும் தூக்க விடாதே. இங்கே முதல் பனி விழுந்துவிட்டது.

கிளீவ்லாந்தில் கணினியை வைத்து இசையமைக்கும் காஸிமிர் என்பவரோடு ஓர் இசைத்தட்டு செய்வதாகச் சொன்னேன் அல்லவா, மார்ச்சிலிருந்து அவர் அனுப்புவதைக் காதில் மாட்டிக்கொண்டு நிலவறையில் தனியாக நின்று சாக்ஸபோன் வாசித்து அனுப்புவேன், மறுநாள் நன்றி என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். நாற்பது வருஷம் ஜாஸ் மேடையில் நின்றவள் நான். நல்ல இடம் ஒன்று வந்து விழுந்தால் உன் அப்பா டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து "அப்படிப் போடு வெர்னெட்டா" என்பார், அவர் போனபின் குழுவும் கலைந்துவிட்டது. நிலவறையில் எப்படி வாசித்தாலும் எதிரே வாஷிங் மெஷின்தான் நிற்கிறது. செப்டம்பரில் மனசு விட்டுப்போய், இனி முடியாது, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதிவிட்டேன்.

பதிலே இல்லை. நான்காம் நாள் மத்தியானம் பஸ் பிடித்து வந்து வாசலில் நிற்கிறார் மனுஷன். அறுபது வயசு, ஒல்லி, முகம் பார்த்துப் பேச வராது. கோழி பொரித்துக் கீரையோடு வைத்தேன், தலை நிமிராமல் சாப்பிட்டார். பிறகு, பதிவெல்லாம் சுத்தமாகத்தானே இருக்கிறது, என்ன குறை என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வாசிச்சதை நீங்க கேட்டீங்களா இல்லையான்னே எனக்குத் தெரியலையே" என்றேன். தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தவர், "தினமும் கேக்கறேன். வேலை முடிஞ்ச பிறகும் போட்டு விட்டுடுவேன். என் வீட்டுல வேற குரல் கிடையாது" என்றார்.

அப்புறம் கீழே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். காதில் மாட்டுவது வேண்டாம் என்று தன் இசையை ஒலிபெருக்கிப் பெட்டியில் மெதுவாக ஓடவிட்டார். நான் வாசித்தேன். ஓரிடத்தில் அவர் கை தானாக மேலே எழும்பியது, "அங்கேயே இருங்க" என்றார், காதில் விழுந்தும் விழாத அளவுக்கு. இருந்தேன், அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வாசித்தபடி பதினொரு நிமிஷம். அன்று பதிவான அதைத்தான் இசைத்தட்டில் அப்படியே வெட்டாமல் வைத்திருக்கிறார். டிசம்பரில் கிளீவ்லாந்தில் ஒரு சர்ச் கூடத்தில் இருவரும் சேர்ந்து வாசிக்கிறோம்.

அன்று சாயங்கால பஸ்ஸிலேயே போய்விட்டார், அதற்குப் பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகிவிட்டது. இப்போது வியாழக்கிழமைதோறும் போனில் கூப்பிடுகிறார், இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது, யாரும் முதலில் போனை வைப்பதும் இல்லை.

உனக்கும் அவளுக்கும் வரப்போகும் பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நீ கூப்பிடும்போது நான் உடனே எடுக்காவிட்டால் கீழே இருப்பேன், முழங்காலோடு படியேறி வர நேரமாகும், கொஞ்சம் அடிக்கவிடு கண்ணா.

உன் அம்மா,
வெர்னெட்டா