தண்ணீருக்கு நான் போடாத கணக்கு

பாசமுள்ள அண்ணனுக்கு,

நீ போய் இரண்டு ஐப்பசி ஆகிவிட்டது. சங்கரன்கோவிலில் அந்த விசைத்தறிக் கூடம் மறுபடி ஓடுகிறது. அதன் பின்னால் புதிய தடுப்புச் சுவர் நிற்கிறது. அதற்கும் வரைபடம் நான்தான் போட்டேன். கட்டியது வேறொரு கொத்தனார்.

பழைய சுவரைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது. கூடம் பள்ளத்தில் இருந்தது. பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் மேட்டு நிலம், முழுக்கக் கரிசல். அந்த மண் சுவரை எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட்டபோது, பின்னால் தண்ணீர் தேங்காது என்று வைத்துக்கொண்டேன். சுவரில் வடிகுழாய்கள் வைப்பதாக இருந்ததால் அது சரிதான்.

பிறகு தறிக்கூடத்து முதலாளி, குழாய் வழியே சகதி வடிந்தால் தறியில் ஏற்றிய பாவு நூல் கெட்டுப்போகும், குழாயே வேண்டாம் என்றார். நான் சரி என்றேன். சுவரைக் கட்டிக்கொண்டிருந்த நீ மட்டும் சாந்துக் கரண்டியைக் கீழே வைத்தாய்.

"தண்ணி போக வழி இல்லேன்னா அது சுவத்தைத்தான் தள்ளும். யோசிச்சுத்தான் சொல்லுதியா?"

"கணக்குப் போட்டாச்சுண்ணே."

போட்டது குழாய் உள்ள சுவருக்கு. குழாய் இல்லாத சுவருக்கு நான் கணக்கே போடவில்லை. நனைந்தால் கரிசல் உப்பும். தேங்கிய தண்ணீரும் சேர்ந்து தள்ளும். ஆழம் கூடக்கூட அழுத்தமும் கூடும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதித் தேறியவள் நான். திரும்பப் போட ஒரு மத்தியானம் போதும். ஏன் போடவில்லை?

அந்த ஐப்பசியில் மூன்று நாள் அடைமழை. சுவர் வயிறு தள்ளி நிற்பதை முதலில் பார்த்தவன் நீ. தறிகளை நிறுத்தி, உள்ளே இருந்த ஆறு பேரையும் வெளியே அனுப்பினாய். நீ வாசலுக்கு வருவதற்குள் சுவர் உன் மேல் சரிந்துவிட்டது.

மழைதான் காரணம் என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

இந்த வருஷம் புதுச் சுவருக்காக முதலாளி கூப்பிட்டார். பழைய தாள்களை எடுத்து, தண்ணீர் முழுக்க நிற்பதாக வைத்துக் கணக்கிட்டேன். நாம் கட்டிய சுவர் தாங்கியிருக்காது. அதை அவரிடம் சொல்லி, வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். குழாய் வேண்டாமென்றது தான்தானே என்று தலைகுனிந்தவர், என்னையே போடச் சொன்னார்.

அன்றே உன் வீட்டுக்கு, மதினியிடம் போனேன். முழுவதும் கேட்டுவிட்டு அவள் சொன்னது இதுதான்: "'தங்கச்சி கணக்குப் போட்டிருக்கா, சரியாத்தான் இருக்கும்'னு அவுக எங்கிட்ட சொன்னாவளே." அதன் பிறகு மாதக்கணக்கில் என் போனை எடுக்கவில்லை.

புதுச் சுவருக்கு அடிப்பாகம் அகலம். பின்னால் கரிசலை ஒட்டவிடாமல் ஜல்லி நிரப்பியிருக்கிறோம். குழாயில் வடிவது சுவரோரம் வெட்டிய வாறுகால் வழியே வெளியே போய்விடும், பாவு நனையாது. அவ்வளவு எளிதாக இருந்தது, அண்ணே.

போன வாரம் நல்ல மழை. பார்க்கப் போனேன். குழாய்களில் தண்ணீர் முதலில் கலங்கலாக வந்து, பிறகு தெளிந்தது. மதினி குடையோடு அங்கே நின்றிருந்தாள்.

"இத அன்னைக்கே செஞ்சிருக்கலாம்லா?"

"ஆமா மதினி."

பஸ் ஸ்டாண்டு வரை ஒரே குடையில் நடந்தோம்.

இனி என் வரைபடத்தில் ஒரு கோட்டை யார் மாற்றச் சொன்னாலும், முதலிலிருந்து கணக்குப் போட்ட பிறகே பதில் சொல்வேன். கட்டுகிறவர் சந்தேகம் கேட்டால், தாளை அவர் கையில் கொடுப்பேன்.

நீ நம்பிய,
உன் கூடப்பிறந்தவள்