ஓங்கில் என்று எழுதியிருந்தீர்கள்

உசிலம்பட்டி,
2.9.2001

அன்பு மச்சான் சுருளி அவர்களுக்கு, மாப்பிள்ளை சித்தார்த் வணக்கத்துடன் எழுதுவது.

எல்லாரும் நலம் என்ற வரியை எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும் என்று ஐந்தாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தக் கடிதத்தில் அந்த வரியைத் தேடாதீர்கள்.

உங்கள் மூன்று கடிதங்களும் வந்து சேர்ந்தன. ஏன் பதில் இல்லை என்று மூன்றிலும் கேட்டிருப்பீர்கள். கேட்டிருக்கிறீர்களா என்று எனக்கு உறுதியாகத் தெரியாது, ஏனென்றால் மூன்றையும் இன்னும் பிரிக்கவில்லை. அக்காவின் தகரப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் கிடக்கின்றன. பிரித்துப் படிக்கவா என்று கேட்டேன். "ஒண்ணும் படிக்க வேணாம். அவரு சொன்னத ஒரு தடவ கேட்டதே போதும்" என்று சொல்லிவிட்டாள்.

போன் செய்திருக்கலாம். பூத் வைத்திருக்கும் காளை அண்ணன் மீட்டரைப் பார்ப்பதைவிட நம் வாயைத்தான் அதிகம் பார்ப்பார். அங்கே உங்கள் ஆராய்ச்சி நிலையத்திலும் போன் மேடத்தின் மேசையில் இருக்கிறது. இது இரண்டு பக்கமும் ஆள் இருக்கும்போது சொல்லக்கூடிய விஷயம் இல்லை.

வீட்டுச் செய்தி கொஞ்சம். மழை இல்லை. கண்மாயில் கிரிக்கெட் ஆடுகிறோம். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. காலாண்டுத் தேர்வு வருகிறது. போன தேர்வில் கணக்கில் நாற்பத்தொன்று. கணக்காகத் தப்பித்துவிட்டேன் என்றேன், அப்பா சிரிக்கவில்லை. இந்த வீட்டில் இப்போது யாரும் சிரிப்பதில்லை மச்சான். அதற்குக் காரணமானவன்தான் இதை எழுதுகிறான்.

பங்குனியில் பாப்பா பிறந்து, நீங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு, பன்னிரண்டாம் நாள் உங்கள் கடிதம் வந்தது ஞாபகம் இருக்கும். அக்கா எட்டாவது வரை படித்தவள். ஆனால் பிள்ளை பெற்ற பச்சை உடம்பு எழுத்தைப் பார்த்தால் கண்ணில் நீர் கட்டும், பிற்பாடு பார்வை போய்விடும் என்று அம்மா அவளைப் பேப்பர் துண்டைக்கூடப் பார்க்க விடவில்லை. ஆகவே வீட்டுக்கு வந்த எழுத்தெல்லாம் என் வாய் வழியாகத்தான் போனது. நான் எப்படிப் படிப்பேன் என்றும் உங்களுக்குத் தெரியும். நீங்கள் எழுதாத கண்ணே மணியே எல்லாம் நடுவில் வரும். "இது ஒஞ்சரக்குடா. அவரு இம்புட்டு இனிப்பா எழுத மாட்டாரு" என்று அக்கா பாயில் படுத்தபடியே கண்டுபிடித்துவிடுவாள்.

அன்றைக்குச் சந்தையிலிருந்து அம்மா பால்சுறாக் கருவாடு வாங்கி வந்திருந்தது. கருவாட்டுக்கார மாயக்காள் பிள்ளை பெற்றவளுக்கு என்றதும் ஓலைப்பெட்டியின் அடியிலிருந்து எடுத்துக் கொடுத்ததாம். பால்சுறா தின்றால் பால் ஊறும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் உள்ள நம்பிக்கை. ஊறவைத்து, வேகவைத்து, உதிர்த்து, பூண்டு நிறையப் போட்டு அம்மா புட்டு கிளறிக்கொண்டிருந்தது. வாசம் தெருமுனை வரைக்கும். நான் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் உங்கள் கடிதமுமாக அடுப்பங்கரையில் உட்கார்ந்திருந்தேன்.

அந்தக் கடிதம் எனக்கு இப்போது மனப்பாடம். நீங்கள் எழுதியிருந்தது இது.

"நேற்று கரையில் ஒரு ஓங்கில் ஒதுங்கியது. பெண். பக்கத்தில் தலையீற்றுக் குட்டி, அதுவும் செத்துவிட்டது. நான்தான் அறுத்தேன். தாயின் மடியில் பால் இருந்தது. போன வருடம் ஒதுங்கியவற்றின் ஈரலில் கன உலோகம் ஏராளமாக இருந்தது என்று மேடம் சொன்னார்கள். பாதரசம், காட்மியம், ஈயம். ஆலைகளிலிருந்தும் ஊர்ச் சாக்கடைகளிலிருந்தும் கடலுக்கு வருகிறதாம். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன மேலே மேலே சேர்கிறது. தாயிடமிருந்து குட்டிக்கு வயிற்றிலேயே இறங்கும், பாலிலும் போகும். இது எதனால் செத்தது என்று இன்னும் தெரியாது. ஆனால் சுறாவும் அந்த மீன்களைத்தான் தின்கிறது. எனக்கு மனசு சரியில்லை. முத்துமீனாவுக்குப் பால்சுறா கொடுக்க வேண்டாம். கீரையும் பூண்டும் கோழியும் கொடுங்கள்."

ஓங்கில் என்ற சொல்லை நான் அதுவரை கேட்டதே இல்லை. மூங்கிலில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டீர்கள் என்றே நினைத்தேன். பெண் மூங்கில் ஒன்று குட்டியோடு கரை ஒதுங்கியது என்று சத்தமாகப் படித்தேன். "ஏண்டா, ஒங்க மச்சான மீனு அறுக்க அனுப்புனாய்ங்களா, மூங்கிலு அறுக்க அனுப்புனாய்ங்களா" என்று அக்கா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரிக்கச் சிரிக்க எனக்கு உற்சாகம் ஏறியது. கன உலோகம் என்பதைக் கனவுலோகம் என்று படித்தேன். மூங்கிலின் ஈரலில் கனவுலோகம் ஏராளமாக இருந்தது. அம்மாகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது. அந்தச் சிரிப்பில் பாதரசம், ஈயம் எல்லாம் யார் காதிலும் ஏறவில்லை. என் காதிலும்தான். பள்ளியில் தெர்மாமீட்டர் உடைந்தபோது பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டி விளையாடியவன் நான். எனக்கு அது விளையாட்டுச் சாமான்.

இதுவரை உள்ளதை அறியாத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்தது அப்படி இல்லை.

கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் தெளிவாகத்தான் எழுதியிருந்தீர்கள். என் கண்ணும் தெளிவாகத்தான் பார்த்தது. அதைப் படித்தால் அம்மா சட்டியோடு கொண்டுபோய்க் கொட்டிவிடும், என் தட்டு காலியாகவே இருக்கும். அந்த ஒரு நொடியில் எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். டாவின் காலை முறித்து டுவாக்கினேன். "முத்துமீனாவுக்குப் பால்சுறா கொடுக்க வேண்டும்" என்று வாசித்தேன். அதற்குப் பின்னால் இருந்த கீரையும் கோழியும் என் வாய்க்குள்ளேயே போய்விட்டன.

"பாத்தியாடி, கடலுலயே கெடக்குற மனுசன் சொல்றாரு" என்று அம்மா அக்காவின் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தது. எனக்கும் வைத்தது. நானும் தின்றேன்.

ஒரு வேளைப் புட்டோடு முடிந்துவிடும் என்றுதான் நினைத்தேன் மச்சான். முடியவில்லை. நீங்களே சொல்லிவிட்டதால் அம்மா மாயக்காளிடம் வாரா வாரம் சொல்லிவைத்து வாங்கியது. ஆடி வரைக்கும் வாரத்தில் மூன்று நாள். அக்காவுக்கு அந்த வாடையே ஆகாது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்றாள். எதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டுத் தின்கிறாய் என்று நானே ஒரு நாள் கேட்டேன். "அவரு சொல்லி விட்டுருக்காருல்ல" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். கேலி செய்வாள், அடிப்பாள் என்று சொல்லவில்லை.

ஆடி மாதம் டீக்கடையில் பேப்பர் பார்த்தேன். உள்பக்கத்தில் ஒரு படம். மணலில் பெரிய மீன் ஒன்று வாயைத் திறந்தபடி கிடக்கிறது, பக்கத்தில் கத்தியும் வாளியுமாக ஒரு ஆள். முகம் சரியாக விழவில்லை. ஆனால் தலைதீபாவளிக்கு அப்பா எடுத்துக்கொடுத்த கட்டம் போட்ட சட்டை எனக்குத் தெரியாதா. எங்க மச்சான்டா என்று கடை முழுக்கக் காட்டினேன். அப்புறம்தான் படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்தேன். கரை ஒதுங்கிய ஓங்கில் என்று போட்டு, அடுத்த வரியில் டால்பின் என்று இருந்தது. வீட்டுக்குப் போய் இயற்பியல் புத்தகத்துக்குள் வைத்திருந்த உங்கள் கடிதத்தை எடுத்து முதலிலிருந்து படித்தேன். யாரும் சிரிக்காமல் அதைப் படித்தது அன்றைக்குத்தான். அடுத்த வாரம் மாயக்காள் கொண்டுவந்த கருவாட்டை நாய் இழுத்துவிட்டது என்று சொல்லி ஓடையில் போட்டேன். அதற்கு அடுத்த வாரமும் போட்டேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

இனி பாப்பாவைப் பற்றி. எடை நன்றாக இருக்கிறது. முகம் பார்த்துச் சிரிக்கிறாள். மூக்கு உங்களுடையது. ஆனால் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தாய்மாமன் என்று நான் வாங்கிக்கொடுத்த கிலுகிலுப்பையை முன்னால் ஆட்டினால் கையை நீட்டுகிறாள். பின்னால் ஆட்டினால் ஒன்றுமில்லை. போன மாதம் கோயில் கொடையில் வேட்டுப் போட்டார்கள். அங்கிருந்த அத்தனை பிள்ளைகளும் வீறிட்டு அழுதன. பாப்பா என் இடுப்பில் உட்கார்ந்து என் சட்டைப் பொத்தானை உருட்டிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் அப்போதே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாளே மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா நிறையக் கேட்டார். கர்ப்பத்தில் காய்ச்சல் வந்ததா, பிறந்தபோது மஞ்சள் காமாலை இருந்ததா, சொந்தத்தில் கட்டினீர்களா. பிறகு என்ன சாப்பிட்டாய் என்றார். அக்கா பால்சுறா என்றாள். பிள்ளையின் அப்பா என்ன வேலை என்றார். கடல் ஆராய்ச்சி ஆபீசில் பெரிய மீன் அறுக்கிறார் என்றாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு, "பெரிய மீன்ல பாதரசம் இருக்கும்னு ஒங்க வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சிருக்குமேம்மா" என்று கேட்டார். அக்கா சொன்னாள்: "அவருதான் குடுக்கச் சொல்லி எழுதி விட்டாரு."

இதனால்தான் என்று என்னால் சொல்ல முடியாது, பத்துக் காரணம் இருக்கலாம், முதலில் காது கேட்கிறதா என்று பார்ப்போம் என்று டாக்டரம்மா அவளிடம் மெதுவாகத்தான் சொன்னார். இந்த மாதம் பதினெட்டாம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் அக்கா அதற்கு மேல் எதையும் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ் காளவாசலில் வெகுநேரம் நின்றது. பழைய பேட்டரிகளை உடைக்கும் கடை ஒன்றிலிருந்து கறுப்புத் தண்ணீர் சாக்கடையில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்று முன்பு நான் யோசித்ததில்லை. ஏதாவது பேச வேண்டும் என்று அக்காவிடம் அதைக் காட்டினேன். அவள் அதைப் பார்க்காமல், "அந்த லெட்டர எங்கடா வச்சிருக்க" என்றாள். நனைந்து கிழிந்துவிட்டது என்றேன். "எல்லாந் தெரிஞ்ச மனுசன் எனக்கு ஏன்டா அப்புடி எழுதணும்" என்றாள். என்னிடம் இல்லை, ஜன்னலிடம். அன்றிலிருந்துதான் உங்கள் கடிதங்கள் பெட்டிக்குள் போகின்றன. பாப்பாவுக்குப் பால் கொடுக்கவும் பயப்படுகிறாள். பால் கட்டி நெஞ்சு வலிக்க, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பாப்பாவுக்கு டப்பா மாவு கரைத்துக் கொடுக்கிறோம்.

இதைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்ததும் உங்கள் பங்குனிக் கடிதத்தை அக்கா கையில் கொடுக்கப் போகிறேன். அவள் என்ன செய்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நீங்களும் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. ஆனால் லீவு கிடைக்கும் வரை காத்திருக்காமல் வாருங்கள். பால் கொடுக்கலாமா கூடாதா என்று யார் சொன்னாலும் அவள் இப்போது நம்பமாட்டாள். நீங்கள் டாக்டரம்மாவிடமும் மேடத்திடமும் கேட்டு நேரில் சொன்னால்தான் நம்புவாள்.

இத்துடன் மடித்த பேப்பரில் கொஞ்சம் முடி வைத்திருக்கிறேன். அக்காவின் சீப்பிலிருந்து எடுத்தது. உடம்பில் பாதரசம் எவ்வளவு இருக்கிறது என்று முடியில் பார்க்கலாமாம், இங்கே அதற்கு வசதி இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். ஓங்கிலின் ஈரலில் பார்க்கும் மிஷினில் இதையும் பார்க்க முடியுமா என்று மேடத்திடம் கேளுங்கள். நீங்கள் அறுக்கும் மீனுக்கெல்லாம் டப்பாவில் நம்பர் ஒட்டுவீர்கள் என்று அக்கா முன்பு பெருமையாகச் சொல்வாள். இதற்கு நம்பர் வேண்டாம் மச்சான். முத்துமீனா என்று எழுதுங்கள்.

முடிவு என்ன வந்தாலும் என் பெயருக்கு எழுதாதீர்கள். அக்கா பெயருக்கே எழுதுங்கள், அவளே படிப்பாள். உறையை நன்றாக ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளை என்று இன்னும் சொல்லிக்கொள்ள ஆசைப்படும்,
பா. சித்தார்த்