நாலு மூலைக் குழி

மண்ணும் வியர்வையும் மணக்கிற என் அப்பாவுக்கு,

அம்மா தூங்கிவிட்டாள். சித்தப்பா முன்னறையில் படுத்திருக்கிறார். நான் அடுக்களையில் டார்ச்சைச் சாய்த்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் புரண்டு படுத்தால்கூட என் கை நின்றுபோகிறது. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் நான் சத்தமாகப் பேசுவதே இல்லை, அப்பா.

நீங்கள் கடைசியாக வெட்டிய குழியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். வீட்டை ஒட்டிய நம் தோட்ட விளையின் தெற்கு ஓரத்தில் தென்னம்பிள்ளை வைக்க வெட்டினீர்களே, அது. வெட்டி முடித்து, கை கழுவ வந்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். பிறகு எழும்பவில்லை. அந்தக் குழியில் யாரும் எதையும் நடவில்லை. பலா மரத்தடியில் நீங்கள் சாய்த்து வைத்த பிள்ளை, சாய்ந்தபடியே புது ஓலை விட்டிருக்கிறது.

அந்தக் குழிக்குள் சித்தப்பா பழைய டயரைப் போட்டு எரித்தார். எதற்குத் தெரியுமா? வானத்திலிருந்து கல் விழுந்த குழி என்று, கல்லை வாங்க வருகிற ஆளுக்குக் காட்ட. மழை பெய்தும் நாற்றம் போகவில்லை. அடியில் கறுப்புத் தண்ணீர், மேலே எண்ணெய்ப் படலம். அந்தப் பக்கத்து ஜன்னலை நான் திறப்பதே இல்லை. உங்கள் கை பட்ட மண் அது.

கல்லையும் அவரே செய்தார். பழைய இரும்புக் கடையில் வாங்கிய, உலையில் மிஞ்சிய இரும்புக் கசடுக் கட்டியைக் குடைந்து உள்ளே காந்தம் வைத்திருக்கிறார். நம் வீட்டு அரிசியில் இரும்புத் தூளைப் பசையால் ஒட்டிக் காயவைத்தார். கல்லைக் கிட்டே கொண்டுபோனால் அரிசி தாவி ஒட்டும். உடனே, "கண்டியளா, அசல் இரிடியமாக்கும், கோடி பெறும்" என்பார். அந்தக் கட்டி இருப்பது பீரோவில், அம்மா ஆலயத்துக்குக் கட்டும் வெள்ளைச் சேலைகளுக்கு நடுவில். ஆள் வந்தால் அதன்மேல் கைவைத்து, கண்ணை மூடி ஜெபம் வேறு செய்கிறார். ஒருமுறை பாதி ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்து, வந்தவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு சித்தப்பா என் தலையில் கைவைத்தால் போய்க் குளித்துவிடலாம் போல இருக்கிறது.

இதில் என்னை அதிகம் அருவருக்க வைப்பது எது தெரியுமா அப்பா? என் சார்ட்.

பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு, பூமியில் விண்கற்களும் வால்நட்சத்திரங்களும் எத்தனை காலத்துக்கு ஒருமுறை மோதின என்று எழுதினேனே. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்கேலைப் பிடித்துக்கொண்டீர்கள். தூசியும் மணலளவு துணுக்குகளும் தினமும் விழுகின்றன என்றேன். கார் அளவு கல் ஏறக்குறைய வருடத்துக்கு ஒன்று வந்து காற்றிலேயே உடைந்து எரிந்துவிடும். ஊரை அழிக்கும் கல்லுக்கு ஆயிரக்கணக்கான வருடங்கள் ஆகும். டைனோசர்களை அழித்தது போன்ற மலைக்கல் கோடிக்கணக்கான வருடங்களில் எப்போதோ ஒன்று. வால்நட்சத்திரங்கள் மோதுவது அதிலும் அபூர்வம். நிலாவில் அடிபட்ட தழும்பெல்லாம் அப்படியே இருக்கிறது, நம் பூமியில் மழையும் கடலும் மரமும் மூடிவிடுகின்றன என்றேன்.

நீங்கள் கேட்டீர்கள்: "அப்போ எனக்க தெங்கு காய்க்கதுக்கு முன்ன வராதில்லா மக்ளே?"

"வராதுப்பா."

"பின்ன என்ன, தைரியமாட்டு குழி வெட்டலாம்" என்று சிரித்தீர்கள்.

அந்தச் சிரிப்பைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் போன பிறகு சித்தப்பா அந்த சார்ட்டை லேமினேட் செய்து முன்னறையில் மாட்டினார். எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? பிறகுதான் கிட்டே போய்ப் பார்த்தேன். டைனோசர்களை அழித்த கல்லின் தூசி உலகம் முழுக்கப் படிந்ததென்றும், அந்த மண் அடுக்கில் இரிடியம் அதிகமாக இருந்ததென்றும் ஒரு வரி எழுதியிருந்தேன். இரிடியம் என்ற அந்த ஒரு சொல்லுக்கு அடியில் சிவப்புப் பேனாவால் கோடு, வருகிற ஆளுக்குக் காட்ட. இரிடியம் அரிசியை இழுக்கும் என்று நான் எங்கே எழுதினேன்? இழுக்காது அப்பா. அரிசியை எதுவும் இழுக்காது.

நாளைக் காலையில் குளச்சலிலிருந்து சேவியர் மாமா வருகிறார். மீன் பிடிக்கிறவர். வள்ளத்தையும் இன்ஜினையும் விற்று இந்தக் கட்டியை வாங்கப் போகிறார். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பை சாளை மீன் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னார்: "மக்ளே, நீ படிக்கப்பட்ட பிள்ள. கல்லு விழுந்தத நீ கண்டேன்னு சொன்னா எனக்குப் போதும். வள்ளத்த வித்தா பொறவு நான் கரையிலயாக்கும், கேட்டியா?" நான் வாய் திறப்பதற்குள் அம்மா உள்ளே கூப்பிட்டுவிட்டாள்.

அவர் போனதும் சித்தப்பாவிடம் சொன்னேன்: "அது அப்பா வெட்டின குழியாக்கும். நாலு மூலை இருக்கு. கல்லு விழுந்தா குழி உருண்டையாட்டுதான் இருக்கும்."

அவர் மெச்சுவது போலச் சிரித்தார். "ஏட்டி, உனக்க அறிவு கொள்ளாமே!"

சாயங்காலம் போய்ப் பார்த்தால், மண்வெட்டியால் மூலைகளைச் சரித்து உருட்டியிருந்தார். நீங்கள் கயிறு பிடித்து வெட்டிய மூலைகள். நான் சொல்லிக்கொடுத்தது போலவே ஆகிவிட்டது. அன்று என்மீதே எனக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று சாப்பிடும்போது சொன்னார்: "நாளைக்கு நீ பாடமொண்ணும் படிச்சுக் காட்டாண்டாம். வெளிச்சம் கண்டேன், சத்தம் கேட்டேன், அம்புட்டுதான். வேற ஒரு வார்த்த மிண்டினா, வீடும் விளையும் இன்னும் பங்கு வைக்கல்ல, ஓர்மை இருக்கட்டு. உனக்க அம்மைய கூட்டிட்டு எங்க போவ?" அம்மா குழம்புச் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவளும் என்னைப் போலவே பயந்திருக்கிறாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது அப்பா. முன்பு வானத்தைப் பார்த்துப் பயந்தேன், நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள். உண்மையில் வானத்திலிருந்து வருகிற கல் யாரையும் ஏமாற்றுவதில்லை. அதற்கு ஒரு வழியும் காலமும் இருக்கிறது, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நம் மேசையில் உட்கார்ந்து நம் அரிசியையே தின்றுகொண்டு இன்னொருவருடைய வள்ளத்தை விழுங்க நினைக்கிற ஆளை எந்த சார்ட்டில் எழுதுவது?

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறேன். விடிந்ததும், அவர் எழும்புவதற்கு முன், குழியில் இறங்கி கறுப்புத் தண்ணீரை இறைத்து, அந்தக் கரியையும் டயர்க் கம்பியையும் வாரி வெளியே போடுவேன். நீங்கள் செய்வது போல அடியில் உப்பும் சாம்பலும் போட்டு, பலா மரத்தடியில் கிடக்கும் பிள்ளையை நட்டுவிடுவேன். சேவியர் மாமா வரும்போது கை நிறைய மண்ணோடு அங்கேயே நிற்பேன். அவர் கேட்டால், "இது எங்க அப்பா தெங்கு வைக்க வெட்டின குழி. கல்லு ஒண்ணும் விழல்ல, மாமா. வள்ளத்த விக்காதீங்க" என்பேன். என் குரல் நடுங்கும். நடுங்கினாலும் கேட்கிற மாதிரிச் சொல்வேன்.

அதற்குப் பிறகு இந்த வீட்டில் எங்களுக்கு இடம் இருக்குமா, தெரியவில்லை. தென்னைக்கு இடம் இருக்கும். அது காய்க்கிறதுக்கு முன் பெரிய கல் எதுவும் வராது, அப்பா. அதை நான் உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன்.

ஸ்கேலின் மறுமுனையை இன்னும் பிடித்திருக்கும்
உங்கள் மகள்