பூக்கட்டித் தேர்ந்த தளம்

ஐப்பசி 14, வெள்ளி

வெள்ளிமலைத் தினை மண்டியின் மென்பொருளைக் கன்டெய்னர்கள் எனும் தனித்தனிப் பொதிகளில் ஓட்ட, அவற்றை மேய்க்கும் தளங்களில் குபர்நெட்டிஸ் நல்லதா, ஸ்வார்ம் நல்லதா என்று ஒரு மாதமாகச் சோதித்தேன். மண்டியில் இருப்பது ஒரே ஒரு பழைய கம்ப்யூட்டர். குபர்நெட்டிஸ் அதில் திணறியது. ஸ்வார்மோ கரண்ட் போய் வந்தாலும் தானே எழுந்து ஓடியது.

இன்று எங்கள் கம்பெனி முதலாளி கோயிலிலிருந்து நேராக என் மேசைக்கு வந்தார்.

"பூக்கட்டிப் பாத்துட்டேம்பா. செவப்பு குபர்நெட்டிஸு, வெள்ள ஸ்வார்மு. செவப்புதான் வந்திச்சி. அதையே போட்டுடு."

"அந்த மெஷின் தாங்காதுங்க."

"சாமியே சொல்லிடுச்சி. உன் டெஸ்ட்டு இன்னா பெருசா?"

அவர் கையில் பூவை மடித்திருந்த தாளைப் பார்த்தேன். ஸ்வார்மே சரி என்று நான் எழுதிக் கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கம்.

நாளை மண்டியில் அது படுத்துக்கொண்டால் சாமிக்கா போன் போடப்போகிறார்கள்?