மணப்பெண் என்று எழுதிய அட்டை

கார்த்திகை 4, வியாழன் இரவு

எங்கள் ஆய்வு நூலகத்தில் பழைய புகைப்படக் கண்காட்சி இன்று தொடங்கியது. பட்டுப்புடவையும் மாலையும் தலை நிறையப் பூவுமாக நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணின் படத்துக்கு நான்தான் ‘மணப்பெண்’ என்று அட்டை எழுதினேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் அதன்முன் நின்றுவிட்டார்.

“இது எங்கம்மாங்க. கல்யாணப் படம் இல்லீங்க, செத்த அன்னிக்கு எடுத்தது. சுமங்கலியாப் போனாங்கன்னு ஜோடிச்சு உக்கார வெச்சாங்க. மூடியிருந்த கண்ணைக்கூட ஸ்டூடியோக்காரர்தான் படத்துல தொறந்தாப்ல வரைஞ்சாராம். உசுரோட இருந்தப்ப ஒரு படம் எடுக்க ஆளில்ல.”

அட்டையை உடனே மாற்றிவிடுவதாகச் சொன்னேன்.

“வேணாங்க சார். வீட்லயும் இதே படம் இருக்குது, பாக்கறவங்க அழுவாங்க. இங்கதான் ஒரு பொண்ணு ‘எவ்ளோ அழகு’ன்னு சொல்லிட்டுப் போச்சு. அப்படியே இருக்கட்டும்.”

பொய்யை எப்படி மாட்டிவைப்பது? உண்மையை எழுதினால், அந்த அம்மாள் மறுபடி வந்து பார்த்தால் என்ன சொல்வது? அட்டையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். நாளைக் காலைக்குள் ஏதாவது மாட்டியாக வேண்டும்.

படுத்தும் தூக்கமில்லை. இப்போதுதான் தோன்றுகிறது, அந்தத் தாயின் பெயரை மட்டும் எழுதினால் போதும். அதை நான் கேட்கவே இல்லை.