நீங்கள் ஊதிக் கிழித்த மைக்

அண்ணே,

நேற்று பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு மைக் செட் கட்ட வந்தவர், பந்தலில் மைக்கை நிறுத்தியதும் வாயருகே இழுத்து "பூ... பூ..." என்று ஊதினார். சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்த நான் என்னையறியாமல், "ஊதாதீங்க தம்பி, கிழிஞ்சிரும்" என்று சத்தம் போட்டுவிட்டேன். "இதெல்லாம் கிழியாதுக்கா" என்று அவர் சிரித்தார். பெண்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டேன்.

சினிமாவுக்குச் சத்தம் பதிவு செய்த காலத்தில் யாரையும் மைக்கில் ஊதவிடாத நீங்கள், ஒரே ஒரு தரம் வேண்டுமென்றே ஊதினீர்கள். எனக்காக ஊதினீர்கள். அதை உங்களிடம் பேச எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

டாக்கி கம்பெனிக்கு மூன்று படம் நடித்துத் தருவதாக என் மாமா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தபோது எனக்குப் பதினேழு வயது. பாடத் தெரியும், அவ்வளவுதான். கோச்சடையில் கம்பெனி வாடகைக்கு எடுத்த வீட்டில் என்னை வைத்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடு, பட்டுப் புடவை, பாட்டு வாத்தியார், எதற்கும் குறைவில்லை. ஆனால் வெளிக்கதவின் சாவி மானேஜர் மனைவியின் இடுப்பில் இருந்தது. ஷூட்டிங்குக்குப் போகும் காரின் ஜன்னல்களில் கெட்டித் திரை தைத்திருந்தார்கள். வைகை இரண்டு தெரு தள்ளித்தான் ஓடியது. அதை நான் பார்த்தது ஷூட்டிங்கில்தான். ஆத்தாவைப் பார்க்கத் திருவாதவூருக்குப் போய் வரட்டுமா என்று கேட்கும்போதெல்லாம், "இந்தப் படம் முடியட்டும்மா" என்பார் மானேஜர். கேட்டுக் கேட்டு, கேட்பதையே விட்டுவிட்டேன்.

அந்த வீட்டில் என்னோடு மனம்விட்டுப் பேச யாரும் இல்லை. நீங்களும் அதிகம் பேசியதில்லை. சத்தம் பதிவு செய்யும் வண்டியில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். பாட்டு முடிந்ததும் "தங்கச்சி, 'ழ' தெளிவா விழுந்துச்சு" என்று சொல்வீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் நாள் முழுக்கக் காத்திருந்ததுண்டு.

ஆற்றங்கரைக் காட்சி எடுக்கப் போனபோது தொல்லை தொடங்கியது. கீழே சலவைக்காரர்கள் துணி துவைக்கிற சத்தம், மேலே காக்கை, ரோட்டில் வண்டி மாடுகளின் சலங்கை, வேடிக்கை பார்க்க வந்த கூட்டம். நடிக்கும்போதே குரலும் பதிவாக வேண்டிய காலம் அது. உங்களிடம் இரண்டு மைக்குகள் இருந்தன. "ஒண்ணு நாலு பக்கமும் கேக்கும். இன்னொண்ணு முன்னயும் பின்னயும் மட்டும் கேக்கும், பக்கவாட்டுல செவிடு. ஆனா அதுக்குள்ள இருக்கிற ரிப்பன் ஜரிகையவிட மெல்லிசு, காத்தடிச்சாலே போயிரும்" என்று டைரக்டரிடம் விளக்கினீர்கள். ஆற்றுக்காற்றுக்குப் பயந்து முதல் நாள் நாலு பக்கமும் கேட்கிற மைக்கையே, கேமராவில் விழாதபடி, கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றோரமாக வைத்தீர்கள்.

பாட்டின் நடுவில் கூட்டத்தில் ஏதோ கலவரம். கயிற்றுக்கு அந்தப் பக்கம் என் பெரியப்பா மகன் நின்று கையை ஆட்டிக் கத்தினான். அவன் வாய் அசைவதுதான் எனக்குத் தெரிந்தது. துணி துவைக்கிற சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கம்பெனி ஆட்கள் அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். "யாரோ குடிகாரப் பய" என்றார் மானேஜர். அன்று எடுத்தது எதற்கும் ஆகாது என்று நீங்கள் சொல்லிவிட, எல்லோரும் எரிச்சலோடு திரும்பினோம். இரவெல்லாம் அவன் வாயசைவை நினைத்து நினைத்துப் பார்த்தேன். என்ன சொன்னான் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறுநாள் காலை ரிப்பன் மைக்கோடு வந்தீர்கள். முன்பக்கம் என்னை நிறுத்தி, பின்பக்கம் வெறும் மணல்திட்டாகப் பார்த்துத் திருப்பினீர்கள். சலவைத்துறையும் கூட்டமும் பக்கவாட்டில் விழுந்தன. மானேஜரையும் அவர் மனைவியையும், "இங்க நின்னா உங்க மூச்சுச் சத்தம்கூட விழும் சார்" என்று தூரத்தில் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். பிறகு காற்று படாமல் இருக்க மைக்குக்குப் பட்டுத்துணி சுற்றும் சாக்கில், அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெதுவாகக் கேட்டீர்கள்.

"நேத்துக் கத்துனவரு உங்க ஊரா?"

"பெரியப்பா மகன்ணே."

"அவரு சொன்னது எனக்கு ஹெட்போன்ல விழுந்துச்சு. உங்க ஆத்தா கெடையில கெடக்காங்களாம். கண்ணு தொறக்கிறப்பல்லாம் உன்னையத்தான் தேடுறாங்களாம்."

நான் முந்தானையை வாய்க்கு எடுத்தேன். "அழுகாத, அங்கன பாக்குறாங்க" என்றீர்கள். பிறகு எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "சத்தத்தோட அளவு பாக்கணும். எதையாச்சும் மெதுவாப் பேசும்மா" என்று சொல்லிவிட்டு வண்டிக்குப் போனீர்கள்.

பேசினேன். ஒன்று, இரண்டு எண்ணுகிறவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டு, அந்த மைக்கிடம் சொன்னேன். "அண்ணே, நான் ஆத்தாவப் பாக்கணும். எம்புட்டோ தடவ கேட்டுட்டேன், விட மாட்டேங்குறாங்க. இங்கன என்னால மூச்சுவிட முடியலண்ணே. நான் பாடுறது மட்டும்தான் எல்லாருக்கும் கேக்குது." இன்னும் என்னென்னவோ சொன்னேன். தூரத்தில் மானேஜர் வெற்றிலை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் எதுவும் விழவில்லை. நீங்கள் வண்டிக்குள் தலை குனிந்து அசையாமல் இருந்தீர்கள். உங்களுக்கும் கேட்கவில்லையோ என்று பயந்துபோனேன்.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு நேரே மானேஜரிடம் போனீர்கள். ஆத்தாவின் நிலைமையைச் சொல்லி, "ரெண்டு நாள் விடுங்க சார்" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "ஷூட்டிங்க நிறுத்தி அனுப்பச் சொல்றீரா? உம்ம வேலையப் பாரும்" என்று அவர் கத்தியதும் கேட்டது.

திரும்பி வந்தீர்கள். சுற்றியிருந்த பட்டுத்துணியை அவிழ்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். என்னைப் பார்க்கவேயில்லை. மைக்கருகே குனிந்து, அடுப்பு ஊதுவதைப் போல ஓங்கி ஊதினீர்கள்.

"ரிப்பன் போச்சு சார். மெட்ராஸ்லேர்ந்து வேற வரணும்."

மானேஜர் ஓடி வந்து உங்கள் சட்டையைப் பிடித்தார். நீங்கள் கையை உயர்த்தவில்லை. டைரக்டர்தான் விலக்கிவிட்டு, "மைக் வர்ற வரைக்கும் இந்தப் பிள்ளைய வச்சு என்ன பண்ணப் போறீங்க? தாயப் பாக்கட்டும், அனுப்புங்க" என்றார். மானேஜர் மனைவியைக் காவலுக்குப் போட்டு என்னைக் காரில் ஏற்றினார்கள். கதவு சாத்தும் முன் நீங்கள் வந்து குனிந்தீர்கள்.

"ஆத்தா கண்ணு தொறக்கலைன்னாலும் பேசிக்கிட்டே இரு தங்கச்சி. காது கடைசி வரைக்கும் கேக்கும். எங்க அய்யா போறப்ப மிஷன் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சொன்னாங்க."

ஆத்தா கண் திறக்கவில்லை. கயிற்றுக் கட்டிலருகே உட்கார்ந்து பேசினேன். பட்டுப் புடவைகளைப் பற்றி, காரின் திரையைப் பற்றி, வராமல் போனது என் மனசால் இல்லை என்பதைப் பற்றி. மானேஜர் மனைவி வாசலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கேட்கட்டும் என்று பேசினேன். ஒரு தரம் ஆத்தாவின் விரல் என் கையை அழுத்தியது. மூன்றாம் நாள் விடியும்போது போய்விட்டாள். அப்போதும் நான் பேசிக்கொண்டுதான் இருந்தேன்.

கருமாதி முடிவதற்குள் கார் வந்துவிட்டது. மறுபடி அதே வீடு, அதே சாவி. வண்டியில் உங்கள் இடத்தில் வேறு ஒருவர் இருந்தார். உங்களைப் பற்றிப் பேசக்கூடாது என்று உத்தரவு. டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் கடையில் இருக்கிறீர்கள் என்று டிரைவர் ஒருநாள் சொன்னார். காரில் அந்தக் கடைவீதியைப் பலமுறை கடந்திருக்கிறேன். திரைக்கு இந்தப் பக்கம் இருந்துதான் கடந்தேன். பாக்கிப் படங்களை நடித்து முடித்தேன்; அழுகிற காட்சிகளில் எனக்கு நல்ல பெயர் கிடைத்தது.

கம்பெனி என்னை விட்ட அன்று நடந்தே அந்தக் கடைக்கு வந்தேன். பூட்டியிருந்தது. "சாருக்கு விஷக்காய்ச்சல்மா. போன மாசம் ஆஸ்பத்திரியில எறந்துட்டாரு" என்றார் பக்கத்துக் கடைக்காரர். உங்களுக்கு ஆள் யாரும் இல்லை என்றும் சொன்னார். கல்லறைத் தோட்டத்துக்கு வழி கேட்டுப் போனேன். மண் இன்னும் இறுகாத மேட்டருகே நின்றபோது எனக்குப் பேச வரவில்லை.

இப்போது தெருவில் யார் நினைவில்லாமல் கிடந்தாலும் என்னைக் கூப்பிடுகிறார்கள். போய் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறேன், சில சமயம் பாடுகிறேன். சுற்றி நிற்பவர்கள் அவர்களுக்கு ஒன்றும் கேட்காது என்கிறார்கள். நான் நிறுத்துவதில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் கட்டிலருகே அப்படி யாராவது உட்கார்ந்து பேசினார்களா, அண்ணே?