அர்ச்சனைத் தட்டில் மாறிப்போன தாள்

மோர்டன், லண்டன்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ஆரணிக்கு,

நானும் அப்பாவும் சுகம், வாஷிங்டன் குளிரில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். பதில் நான்கு நாள் பிந்திவிட்டது, காரணத்தைக் கேட்டு ஏசாதே, உனக்கும் எனக்கும் இருபது வயதுதான் வித்தியாசம், அக்காவை மன்னிப்பது போல மன்னித்துவிடு. இரண்டு வருடம் மற்ற லோயர்மாருக்குக் குறிப்பெடுத்துக் கொடுத்தவள், வருகிற வியாழக்கிழமை முதன்முறையாகத் தனியே செனட்டர் அலுவலகத்துக்குப் போய், சின்னப் பெற்றோல் நிலையக்காரர் மின்சாரக் கார் சார்ஜர் பூட்டினால் வரிச் சலுகை வேண்டும் என்று பேசப்போகிறாய் என்றதிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் மாமி மட்டும், கோட்டுக்குப் போய் வழக்காடாமல் செனட்டர்மாரின் கந்தோர் கந்தோராய்ப் போய்க் கதைக்கிறவளும் லோயரோ என்று கேட்டா. சட்டம் எழுதுகிற இடத்திலேயே போய்க் கதைக்கிறவள் என்றேன்.

இனி நான் செய்த வேலை. செனட்டர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வர நீ எழுதிய ஒரு பக்கத் தாளை, ஒருத்தருக்கும் காட்டாதேங்கோ அம்மா என்று அனுப்பினாயே, அதை அச்செடுத்து உறையில் போட்டு, வெள்ளிக்கிழமை கோயிலில் அர்ச்சனைத் தட்டில் வைத்து அம்மன் காலடிக்குக் கொடுத்தேன். தட்டுகள் திரும்பி வந்தபோது அவசரத்தில் பக்கத்துத் தட்டு உறையை எடுத்து வந்துவிட்டேன். வீட்டில் திறந்தால் யாரோ சுவர்ணா என்பவரின் பெற்றோல் நிலையக் குத்தகைப் பத்திரம். இந்தச் சலுகையை எதிர்த்துப் பேசுகிறவர்கள் கையில் உன் தாள் போனால் உன் வேலை என்னாகும் என்று உடனே போனைத் தூக்கினேன். பத்திரத்தில் இருந்த நம்பருக்கு எடுத்தேன். பயப்படாதேங்கோ தங்கச்சி, என்னட்டைத்தான் கிடக்கு என்று சொல்லி, நேற்று அவரே கொண்டுவந்து தந்தார். பிரதி எடுக்கவில்லையாம், ஆனால் வாசித்துவிட்டார். பிள்ளை நல்லாத்தான் எழுதியிருக்கு, ஆனா கடைசி வரியிலதான் சோறு கிடக்கு, அதுக்கு முதலே பசியில எழும்பிப் போயிடுவாங்கள் என்றார். திரும்ப வாசித்தேன், சரிதான். சலுகை இல்லாவிட்டால் சின்ன நிலையக்காரர் மூடிவிட்டுப் போக வேண்டியதுதான் என்பதை நீ அடியில் வைத்திருக்கிறாய். அதை மேலே தூக்கிப் போடு. நடந்ததை உன் மேலதிகாரிக்குச் சொல்ல வேண்டுமென்றால் மறைக்காமல் சொல், பழியை என் மேல் போடு.

வெறும் வயிற்றோடு போகாதே, குதிகால் உயர்ந்த சப்பாத்தும் வேண்டாம். அம்மன் உன் நாவில் நிற்கட்டும், நீ கேட்டது கிடைக்கட்டும். வெளியே வந்த உடனே எனக்குப் போன் எடு. இந்த முறை ஒருவருக்கும் சொல்லமாட்டேன், சுவர்ணா அக்காவைத் தவிர.

உன் அம்மா,
கௌசி